மீன்தொட்டியின் முதுகுக்கு வண்ணம்

உங்கள் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறதா? அதன் எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். மீன்கள் தெரிகின்றன, அவற்றோடு சுவரின் விரிசல், காற்றுக் குழாய், மின்கம்பி எல்லாமே தெரிகின்றன. இவற்றை மறைக்கத்தான் பின்கண்ணாடிக்கு வண்ணம் பூசுகிறார்கள். வண்ணத்தாள் ஒன்றை ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். ஒட்டலாம். ஆனால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் கசிந்தால், அந்த இடம் மட்டும் கருத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். இது ஏன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் நீர் நிரப்பிக் கையில் பிடியுங்கள். மேலிருந்து சாய்வாக, நீரின் வழியே எதிர்ப்பக்கச் சுவரை நோக்குங்கள். வெள்ளி பூசியதுபோல் அது மின்னும். அதைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரியமாட்டா. இப்போது விரல்களை நனைத்து, அதே இடத்தில் அழுத்துங்கள். ரேகைகள்கூடத் தெளிவாகத் தெரியும்!

நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, காற்றுக்கு ஏறத்தாழ 1. நீரிலிருந்து கண்ணாடியைக் கடந்து காற்றுக்குள் போக முயலும் ஒளி, ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும். இதுவே முழு அக எதிரொளிப்பு. தொட்டியை முன்னிருந்து பார்க்கும்போது பக்கக் கண்ணாடிகள் ஆடிபோலத் தோன்றுவதும் இதனால்தான். நனைந்த விரல் இடையிலுள்ள காற்றை விலக்கிவிடுகிறது. ஒளி விரலை எட்டுகிறது. வண்ணமும் அப்படியே. காற்றுக்கு இடமின்றிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதால், எப்பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே அழுத்தமாகத் தெரியும்.

பூசுவது எப்போதும் வெளிப்புறத்தில்தான். உள்ளே பூசிய வண்ணம் நீரில் ஊறி உரியும்; அதன் கரைப்பான்களும் நிறப்பொருள்களும் மீனைக் கொன்றுவிடலாம். தொட்டி காலியாக இருக்கும்போதே வேலையை முடியுங்கள். கண்ணாடியில் விரல்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, நீரில் கரையும் எமல்ஷன் வண்ணத்தை மெல்லியதாகப் பூசுங்கள். எனாமலைவிட இதுவே நல்லது என்பேன். பிடிக்காவிட்டால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். காய்ந்தபின், முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது பூச்சு. பின்னால் விளக்கைப் பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும்; அங்கே மூன்றாவதாகத் தொட்டுவிடுங்கள். வாடை முழுவதும் போன பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது கடைசிப் பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரிவது முதல் பூச்சு! தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்களுக்கு இது பழகிய கணக்கு. கண், நகை போன்ற நுணுக்கங்களை முதலில் தீட்டிவிட்டுப் பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள்.

எந்த நிறம்? கறுப்பும் கருநீலமும் தொட்டிக்கு ஆழம் இருப்பதாகக் காட்டும். ஆனால் நம் கண்ணை மட்டும் கேட்டால் போதாது, மீனையும் கேட்க வேண்டும். பல மீன்களின் தோலில் மெலனின் துகள்கள் நிறைந்த செல்கள் உண்டு. இருண்ட சூழலில் துகள்கள் செல் முழுவதும் பரவும், மீன் கருக்கும். வெளிறிய சூழலில் அவை நடுவில் குவியும், மீன் வெளுக்கும். மேலிருந்து வரும் ஒளியையும் கீழிருந்து எதிரொளித்து வரும் ஒளியையும் கண் ஒப்பிட்டே இதை முடிவு செய்கிறது. ஆகவே பின்புறம் கறுப்படித்துவிட்டு, அடியில் வெண்மணலைப் பரப்பினால் பயன் குறைவு.

இந்த நிறமாற்றம் வெறும் அலங்காரமா? அமெரிக்க உயிரியலறிஞர் பிரான்சிஸ் சம்னர் 1934-இல் இதைச் சோதித்தார். கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன்களைக் கறுப்புத் தொட்டியிலும் வெள்ளைத் தொட்டியிலும் பழக்கினார். பிறகு இரு வகையையும் கலந்து ஒரே தொட்டியில் விட்டு, ஒரு பெங்குவினையும் இறக்கினார். பின்னணியோடு ஒட்டாத நிறமுள்ள மீன்களே அதிகம் இரையாயின.

கறுப்பு வாளி ஒன்றும் வெள்ளை வாளி ஒன்றும் இருந்தால், பெங்குவின் இல்லாமலே சோதனையின் முதல் பாதியை நீங்களும் செய்யலாம். ஒரே அளவான கம்பூசியாக்களைப் பிரித்துவிட்டு மறுநாள் ஒப்பிடுங்கள். முடிந்தபின் அவற்றைக் குளத்தில் விட்டுவிடாதீர்கள். அவை நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தின்றுவிடும்.