பனிக்கு இடங்கொடாத கண்ணாடி

ஜவ்வாது மலைமேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் ஒரு வானாய்வகம் இருப்பதும், 1972-இல் அங்கே நிறுவப்பெற்ற ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்கு அடையாளம் கண்டதும், 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு யுரேனஸைச் சூழ்ந்த வளையங்களின் சுவட்டைப் பதிவு செய்ததும் தமிழ்நாட்டில் வானியலில் ஆர்வமுள்ள எவரும் பெருமையோடு நினைக்கும் விஷயங்கள். இவ்விரண்டு சாதனைகளும், ஒரு கோளோ துணைக்கோளோ ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்து அதை மறைக்கும் அரிய தருணத்தில் வாய்த்தவை. அந்தத் தருணம் நமக்காகக் காத்திருப்பதில்லை. பெரிய ஆய்வகத்துக்கு மண்டபமும் திறந்து மூடும் கூரையும் உண்டு. சிறிய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துத் திறந்த வெளிகளுக்குச் செல்லும் என் போன்ற ஆர்வலர்களுக்கோ, நட்சத்திரத்துக்கும் கண்ணுக்கும் இடையே முதல் தடையாக வந்து நிற்பது மேகமன்று, கண்ணாடியில் படியும் பனி.

இந்தப் பனி எப்படி வருகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இரவில் ஆகாயத்தை நோக்கியிருக்கும் எந்தப் பொருளும் தன் உஷ்ணத்தைக் கதிர்வீச்சாக மேல்நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் சில டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடுகிறது. அவ்வாறு குளிர்ந்து பனிநிலைக்குக் கீழே இறங்கிய கணத்தில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராக உருக்கொள்கிறது. லென்ஸில் அது தொடங்குவதை முதலில் உணர்த்துவது மங்கலான நட்சத்திரங்களே. அவை ஒவ்வொன்றாக மறையும். பிரகாசமானவற்றைச் சுற்றி வெண்மையான ஓர் ஒளிவட்டம் பரவும். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் பால் படிந்தாற்போல் வெளுத்திருக்கும். அதைத் துணியால் துடைப்பது வீண் காரியம் மட்டுமன்று, லென்ஸின் மேற்பூச்சுக்குத் தீங்கும் ஆகும். பனி படிந்த பின் அகற்றுவதைக் காட்டிலும், படியவே விடாமல் காப்பதுதான் உத்தமமான வழி.

அதற்காக லென்ஸைச் சுற்றிக் கட்டி அதைச் சிறிதளவு சூடேற்றும் மின்பட்டையைப் பற்றிச் சொல்லுமுன், மின்சாரச் செலவில்லாத இரண்டு உபாயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, லென்ஸின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளமுள்ள பனிக்கூண்டு என்னும் குழாய் ஒன்றைத் தொலைநோக்கியின் முன்புறம் பொருத்துவது. மற்றொன்று, இடத்தைத் தேர்ந்துகொள்வது. ஏரியோரத்துச் சமதரை ஒன்றில் நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த மலைவாசிப் பெரியவர் ஒருவர், "பள்ளத்துல வைக்காதீங்க சார், பனி அங்கதான் புடிக்கும், மேட்டுக்கு வாங்க" என்றார். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்று பௌதிக நூல் விரித்துரைப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். வோல்ட் எவ்வளவு, ஓம் எவ்வளவு என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்திலோ முதலில் தீர்மானிக்க வேண்டியது வாட். லென்ஸைக் கொதிக்க வைப்பது நம் நோக்கமன்று. பனிநிலைக்கு மேலே இரண்டொரு டிகிரியில் அதை நிறுத்தி வைத்தால் போதும். அதற்கு மிஞ்சிய உஷ்ணம், கண்ணாடிக்கு முன்னே காற்றை அலையச் செய்து, கோள்களின் பிம்பத்தைத் துடிக்கவைத்துக் கெடுத்துவிடும். 80 மில்லிமீட்டர் லென்ஸுக்கு மூன்று முதல் ஐந்து வாட்டும், 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள, முன்புறம் கண்ணாடித் தகடு மூடிய தொலைநோக்கிக்குப் பத்து வாட்டையொட்டியும் எனக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

வாட் நிச்சயமானபின், வோல்ட்டை நாம் கொண்டுபோகும் பாட்டரியே நிர்ணயிக்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும் என்ற பள்ளிக்கூடத்துச் சூத்திரம் ஒன்றே இங்கே நமக்கு வேண்டிய சாஸ்திரம். 12 வோல்ட் பாட்டரிக்கு, சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் 330 ஓம் ரெஸிஸ்டர்கள் பன்னிரண்டை, ஒரு வாட் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கி, ஏணிப்படிகள்போல் இரண்டு கம்பிகளுக்கிடையே பக்க இணைப்பில் பற்றவைத்தால், மொத்த மின்தடை 27.5 ஓம் ஆகும்; ஓடும் மின்னோட்டம் 0.44 ஆம்பியர், பிறக்கும் வெப்பம் 5.2 வாட். ஒவ்வொரு ரெஸிஸ்டரின் பங்கும் அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வருவதால், அரை வாட் ரகத்தை வாங்கினால் அது தன் எல்லையிலேயே இரவெல்லாம் தவிக்க நேரும். 7 ஆம்பியர்-மணி ஈய பாட்டரி ஒன்றில் 84 வாட்-மணி சக்தி அடங்கியிருக்கிறது. பாட்டரியின் ஆயுளை உத்தேசித்துப் பாதியை மட்டும் செலவிட்டாலும் இந்தப் பட்டை எட்டு மணி நேரம் உழைக்கும். ஒரு முழு இரவுக்கு அது தாராளம்.

இரண்டு கிலோவுக்குக் குறையாத அந்த பாட்டரியைச் சுமக்க விருப்பமில்லாதவர்கள் 5 வோல்ட் பவர் பேங்க்கை நாடலாம். ஆனால் அப்போது ஓம் கணக்கு முற்றிலும் மாறிவிடும். ஐந்து வாட் வேண்டுமானால் மின்தடை 5 ஓம் ஆகவேண்டும். அத்தகைய சிறிய மின்தடைக்கு நைக்ரோம் கம்பி வசதியானது. அதில் ஈயம் ஒட்டாதாகையால் அதன் முனைகளை இறுக்கு முனையால் நசுக்கித்தான் இணைக்கவேண்டும். மின்தடை குறையக் குறைய, ஒயரின் சொந்த மின்தடை நம்மிடமிருந்து திருடும் பங்கும் பெருகுகிறது. அரை ஓம் மின்தடையுள்ள மெல்லிய ஒயர் ஒன்று 12 வோல்ட் பட்டையின் வெப்பத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கையே குறைக்கும். 5 வோல்ட் பட்டையிலோ ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். எனவே 5 வோல்ட்டுக்குக் குட்டையான, தடித்த ஒயரே உசிதம். சில பவர் பேங்க்குகள், மின்னோட்டம் மிகவும் குறைந்தால் வேலை முடிந்தது என்றெண்ணித் தாமே அணைந்துவிடும் என்பதையும் வீட்டிலேயே சோதித்து அறிந்துகொள்ளவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லவேண்டியது என் கடமை. 12 வோல்ட்டுக்கான 27.5 ஓம் பட்டையை 5 வோல்ட்டில் இணைத்தால் ஒரு வாட்டுகூடக் கிடைக்காது, நஷ்டம் அவ்வளவே. 5 வோல்ட்டுக்கான 5 ஓம் பட்டையை இருட்டில் தவறி 12 வோல்ட்டில் இணைத்தாலோ ஏறக்குறைய 29 வாட் பாய்ந்து, துணியையும் பிளாஸ்டிக்கையும் உருக்கி, லென்ஸையே விரிசல் காணச் செய்துவிடலாம். ஆதலால் ஒவ்வொரு பட்டையின்மேலும் அதற்குரிய வோல்ட்டையும் ஓமையும் அழியாத மையால் எழுதி வைப்பதும், இரண்டுக்கும் வெவ்வேறு வகைச் சொருகிகளை அமைப்பதும், பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸை வைப்பதும் ஒருபோதும் தவிர்க்கக்கூடாத காரியங்கள்.

எல்லா இரவுக்கும் ஒரே உஷ்ணம் பொருந்தாது. மழைக்காலம் ஓய்ந்து மண் இன்னும் ஈரமாயிருக்கும் தை மாதத்து இரவுக்கும், காற்று வறண்ட மாசி இரவுக்கும் வெகு தூரம். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க வோல்ட்டைக் குறைப்போர், அதைப் பாதியாக்கினால் வெப்பம் கால்பங்காகிவிடும் என்பதை மறந்துவிடலாகாது. மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி இந்தச் சிரமத்தைத் தவிர்க்கிறது; அதில் பாதியில் வைத்தால் வெப்பமும் பாதியாகும். இருள் சூழும்போதே, பனி தொடங்குமுன்பே, நான் அதைப் பாதியில் வைத்துத் தொடங்குவது வழக்கம். கண்ணாடி தெளிவாக நிற்கும் வரையில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருவேன். பட்டையைத் தொட்டால் கைக்கு இளஞ்சூடு மட்டுமே தெரியவேண்டும்.

ஆகவே, மலையேற விரும்பும் இளைஞர்கள் லென்ஸை அளந்து வாட்டையும், பாட்டரியைப் பார்த்து வோல்ட்டையும், அவ்விரண்டாலும் ஓமையும் இந்த வரிசையிலேயே தீர்மானித்து, புறப்படும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்து சரிபார்த்துக்கொள்வார்களானால், நட்சத்திரம் மறையும் அந்தச் சில நிமிஷங்களில் அவர்கள் கவனம் கண்ணாடியின்மேல் போகாது, ஆகாயத்திலேயே நிற்கும்.