45 வயதா? முதலில் பி.எஃப் பாஸ்புக்கைத் திறங்கள்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் 45 வயதுக்காரர் ஒருவரிடம் மொய் நோட்டைப் பற்றிக் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முன் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பிசகாமல் சொல்வார். பி.எஃப்பில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்பார். கம்பெனி பார்க்காது. 58-ல் சால்வை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவைக்கும். அதற்குப் பிறகு அரிசி, மளிகை, மாத்திரை எல்லாம் உங்கள் கணக்கில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு 43 வயது. பேசிக், டி.ஏ. சேர்ந்து 15,000 ரூபாய். மாதம் உங்கள் பங்கு 1,800. கம்பெனி பங்கும் 1,800தான். ஆனால் அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், பி.எஃப்பில் சேர்வது 550. ஆக மாதம் 2,350. 8 சதவீத வட்டி என்று வைத்தால் 58 வயதில் சுமார் 8 லட்சம். இந்த 15 வருஷ சர்வீஸுக்குப் பென்ஷன் மாதம் சுமார் 3,200. இன்று வீட்டுச் செலவு 20,000 என்றால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால்கூட அன்றைக்கு அது 48,000. பெரிய பள்ளம். முழுசாக மூட முடியாது; பாதியாவது மூடலாம்.

1. உங்கள் பி.எஃப் கணக்குக்கான யு.ஏ.என் நம்பரைக் கையில் எடுங்கள். உமங் ஆப்பில் பாஸ்புக் பார்க்க ஐந்து நிமிஷம். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப்பில் உள்ளதும் ஒன்றா, நாமினி போட்டிருக்கிறதா, ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். தப்பு இருந்தால் வேலையில் இருக்கும்போதே ஹெச்.ஆரிடம் சொல்லித் திருத்துங்கள். வேலையை விட்ட பிறகு அதே ஹெச்.ஆர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

2. பத்து வருஷக் கணக்கு. நம் ஊரில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். பி.எஃப் பென்ஷன் வேண்டுமென்றால் மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. கீழப்பழுவூர் சிமென்ட் ஆலையில் 4, நாரணமங்கலம் டயர் ஆலையில் 3, அடுத்த இடத்தில் 5 என்று சேர்ந்தாலும் 12 வருஷம்தான், பென்ஷன் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் காதுகுத்து, சீர், வீட்டுக்கு டைல்ஸ் என்று ஃபார்ம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால், எடுத்த சர்வீஸ் அழிந்துபோகும். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். 48 வயதைத் தாண்டிப் பூஜ்யத்தில் நின்றால், 58-க்குள் 10 வருஷம் தேறுவது கஷ்டம். வேலை மாறினால் டிரான்ஸ்ஃபர் மட்டும் போடுங்கள். வித்டிராவல் ஃபார்மைத் தொடாதீர்கள்.

3. காண்டிராக்டில் இருப்பவர்களுக்கு. கேட்டில் நுழைவது பெரிய ஆலைக்குள், சம்பளம் தருவது காண்டிராக்டர் என்றால் மாதாமாதம் பாஸ்புக் பாருங்கள். அவர் கட்டவில்லை என்றால் சட்டப்படி பிரின்சிபல் எம்ப்ளாயரான அந்த ஆலை பொறுப்பு. மெயில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. அதற்கும் அசையவில்லை என்றால் பி.எஃப் ஆபீஸ்: நம் இரண்டு மாவட்டங்களும் திருச்சி பி.எஃப் ஆபீஸின் கீழ்தான் வருகின்றன.

4. தாவும் தேதியைப் பாருங்கள். நிரந்தர வேலையில் 5 வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 4 வருஷம் 3 மாதத்தில் ரெண்டாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று தாவினால், அந்தப் பணம் நிர்வாகத்துக்கு மிச்சம். புது இடத்தில் டேக்-ஹோமை மட்டும் பேசாதீர்கள். "பேசிக் எவ்வளவு சார்? பி.எஃப் எந்தத் தொகைக்குக் கட்டுவீங்க?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற ஆளை இன்டர்வியூவில் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. விவரமானவர் என்றுதான் குறித்துக்கொள்வார்கள்.

5. உங்களுக்கு 40 தாண்டிவிட்டதா? வீட்டம்மாவுக்குத் தாண்டியிருக்காது. 2015-ல் வந்த அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது. நீங்கள் வரி கட்டினாலும், அவர் கட்டாதவர் என்றால் தடையில்லை. 60-க்கு மேல் மாதம் 5,000 வேண்டுமென்றால் 35 வயதில் சேர்பவர் மாதம் 902 ரூபாய் கட்ட வேண்டும். 40-ல் என்றால் 1,454. 25 வருஷம் கழித்து அந்த ஐயாயிரத்துக்கு இன்றைய மதிப்பில் கால்வாசி வாங்கும் சக்திகூட இருக்காது. ஆனாலும் சாகும்வரை நிற்காமல் வரும். சேருங்கள், இதை மட்டும் நம்பாதீர்கள்.

6. வி.பி.எஃப், அதாவது விருப்பப்பட்டுக் கூடுதலாகக் கட்டும் பி.எஃப். உங்கள் பங்கை 12 சதவீதத்துக்கு மேல் ஏற்றச் சொல்லி ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். 2024-25க்கு பி.எஃப் வட்டி 8.25 சதவீதம். மாதம் கூடுதலாக 3,000 போட்டால், 8 சதவீதத்தில் 15 வருஷத்தில் 10 லட்சத்துக்கு மேல். ஐந்து வருஷம் தள்ளிப்போட்டு 10 வருஷம் மட்டும் போட்டால் ஐந்தரை லட்சம்தான். சீட்டும் பைபாஸ் ஓர மனையும் இருக்கட்டும். ஆனால் 62 வயதில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட அரை மனையை விற்க முடியாது.

7. ரேட்டை ஏற்றுங்கள். நாற்பதுகளில் சிக்கனத்தைவிடச் சம்பள உயர்வுதான் பெரிய ஆயுதம். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். மைனிங் மேட், பிளாஸ்டர், ஃபோர்மேன் சர்டிபிகேட் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தட்டில் இல்லை. பக்கத்து ஷிஃப்ட் பையனுக்கு 26 வயது, டிப்ளமோ இருக்கிறது, உங்கள் நாற்காலியில் அவனுக்குக் கண் இருக்கிறது. அவனிடம் இல்லாத ஒரு தாள் உங்களிடம் இருக்கட்டும். ஏறுகிற சம்பளத்தில் பாதி நேராக வி.பி.எஃப்புக்கு.

லப்பைக்குடிகாடு பக்கத்திலிருந்து வளைகுடா போனவர்களுக்கு ஒரு வார்த்தை. துபாயில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பென்ஷன் இல்லை, கடைசியில் கிராஜுவிட்டி மட்டும்தான். அங்கிருந்தபடியே என்.பி.எஸ் (தேசிய பென்ஷன் திட்டம்) கணக்கு தொடங்க என்.ஆர்.ஐக்கு அனுமதி உண்டு.

பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பீர்கள். கல்யாணம் முடியும்போது உங்களுக்கு 52. இந்த மாதச் சம்பளம் ஏறுவதற்கு முன் வி.பி.எஃப் லெட்டரைக் கொடுத்துவிடுங்கள்.