ஒரு சோறு பதமா? – வீடியோ கேம் டெமோவும் முழு கேமும்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. வீடியோ கேம் விஷயத்தில் இது பலமுறை பொய்த்துப் போயிருக்கிறது. ஏன்? அங்கே காட்டப்படும் அந்த ஒரு சோறு, தனிப் பானையில் வெந்த சோறு!

டெமோ இரண்டு வகை

முதல் வகை, நாமே ஆடிப் பார்ப்பது. 1993 டிசம்பரில் வந்த 'டூம்' கேமின் முதல் பாகம் இலவசமாகவே கிடைத்தது. பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கலாம். அது உண்மையிலேயே அதே பானைச் சோறு. இரண்டாம் வகை, கம்பெனிக்காரர் ஆட, நாம் வேடிக்கை பார்ப்பது. வம்பு வருவது பெரும்பாலும் இதில்தான்.

வித்தியாசம் ஏன்?

நம்ம ப்ராஜெக்ட் வைவாவை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது, எந்த ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் ஓடுமோ அதைத்தானே தட்டுவோம்? டெமோவும் அப்படித்தான். கேம் பாதி வேலையில் இருக்கும்போதே ஒரு தெரு, ஒரு சண்டை என்று ஒரு பகுதியை மட்டும் மெருகேற்றி, சக்திவாய்ந்த கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுவார்கள்.

முழு கேமில் ஆடுபவர் எங்கு வேண்டுமானாலும் போவார். வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லி செகண்ட். அதற்குள் ஒளி, நிழல், மோதல், எதிரியின் அசைவு என எல்லாக் கணக்கும் முடியணும். அதுவும் வீட்டில் இருக்கும் சாதாரண மெஷினில்! முடியாதபோது பெரும்பாலும் ஒளிக்கும் நிழலுக்கும்தான் வெட்டு விழும்.

நடந்த கதைகள்

2012-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஈ3 கண்காட்சியில் 'வாட்ச் டாக்ஸ்' டெமோ எல்லோரையும் அசத்தியது. 2014 மே மாதம் கேம் வந்தபோது அந்த ஒளியும் நிழலும் மங்கியிருந்தன. பழைய எஃபெக்ட்டுகள் சில, கேம் ஃபைலுக்குள்ளேயே அணைத்து வைக்கப்பட்டிருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்!

2013-ல் வந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரைன்ஸ்' விஷயம் அமெரிக்காவில் வழக்காகவே போனது. விளம்பரப் படங்கள் முழு கேமைச் சரியாகக் காட்டவில்லை என்று பிரிட்டனில் சேகா கம்பெனி ஒப்புக்கொண்டது.

'சைபர்பங்க் 2077' கதை வேறு. 2018-ல் வெளியிட்ட 48 நிமிட டெமோவிலேயே 'வேலை நடக்கிறது, மாறலாம்' என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் 2020 டிசம்பரில் வந்த கேம் பழைய பிளேஸ்டேஷனில் திக்கித் திணறியது. சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

அப்போ டெமோ என்றாலே மோசடியா? இல்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழு 2017-ல் 'ராஜி' கேமின் முன்னோட்டத்தைக் காட்டி, கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் பணம் திரட்டப் பார்த்தது. போதிய பணம் சேரவில்லை. ஆனாலும் விடாமல் உழைத்து 2020-ல் கேமை முடித்துக் காட்டினார்கள். சிறிய குழுவுக்கு டெமோதான் முதலீடு.

நாம் செய்ய வேண்டியது

வெற்றிலைக் கட்டில் மேல் இலையை மட்டும் பார்த்து யாராவது வாங்குவாங்களா? கேம் வெளிவரும் முன்பே பணம் கட்டாதீர்கள். நம்முடையதைப் போன்ற மெஷினில் அது ஓடும் வீடியோவைப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

நாளைக்கு நாமும் ஏதாவது ஒன்றைச் செய்து விற்கப் போகிறவர்கள்தான். எக்ஸ்டர்னலிடம் ஒரு நாள் சமாளித்துவிடலாம் நண்பர்களே. காசு கொடுத்து வாங்கியவரிடம் தினமும் சமாளிக்க முடியாது!