மருந்தியல் கல்விக்கு உயிரியலைக் கற்கும் முறை

தோட்டப்புறப் பிள்ளைகளுள் மருந்தாளராக விரும்புவோர் உளர். இந்நாட்டில் மருந்தியல் பட்டக் கல்வி 1972ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று வேறு பல்கலைக்கழகங்களிலும் அக்கல்வி உண்டு. ஆயினும் நாடுவோர் பலர், இடங்களோ சில. எஸ்.டி.பி.எம். தேர்வின் வழியே அங்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு வேதியியலும் உயிரியலும் இரு கண்கள் போன்றவை. இவற்றுள் உயிரியலை வெறும் மனனப் பாடமென்று எண்ணி வாய்ப்பை இழப்போர் உண்டு. அதனைக் கற்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

எவற்றைப் படிக்க வேண்டும்?

ஆறாம் படிவ உயிரியல் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற் பருவத்தில் உயிரணு, நொதி, ஒளிச்சேர்க்கை, சுவாசம் ஆகியவை இடம்பெறும். இரண்டாம் பருவம் உடலியக்கத்தைப் பற்றியது. மூன்றாம் பருவத்தில் சூழலியலும் மரபியலும் அமைந்துள்ளன. பல்தேர்வு வினாவுக்கு நினைவாற்றல் ஓரளவு கைகொடுக்கும். கட்டுரை வினாவோ 'ஏன்', 'எவ்வாறு' என்று கேட்கும். மனனம் செய்த மாணவர் தடுமாறுவது அங்கேதான்.

ஒரு மாதிரிப் பாடம்

விடியற்காலையில் மரம் வெட்டினால் பால் மிகுதியாக வடிவதும், வெயில் ஏறியபின் குறைவதும் நாம் அனைவரும் அறிந்ததே. இதன் காரணம் என்ன? இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை. வேர் உறிஞ்சிய நீர் பட்டையிலுள்ள பாற்குழாய்களினுள் புகுந்து அவற்றை விம்மச் செய்கிறது. அந்த அழுத்தமே, வெட்டுப்பட்டவுடன் பாலை மங்கிற்குத் தள்ளுகிறது. வெயிலில் இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தமும் தணிகிறது. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்திற்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதையே சவ்வூடு பரவல் என்கிறோம்.

இதே விதி மருத்துவமனையிலும் ஆட்சி செய்கிறது. நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் உப்புக் கரைசலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. மாறாகத் தூய நீரை ஏற்றினால் அது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகும்; தாவர அணுவைப் போன்ற உறுதியான சுவர் இல்லாமையால் அவை வெடித்துவிடும். அளவு பிறழாமல் கரைசலைத் தயாரிப்பது மருந்தாளரின் பொறுப்பு.

1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும் இவ்விதிக்கு உட்பட்டதே. பாக்டீரியா தன் சுவரைக் கட்ட உதவும் நொதியை அம்மருந்து முடக்குகிறது. சுவர் வலுவிழக்கிறது, நீர் உட்புகுகிறது, பாக்டீரியா வெடித்து மடிகிறது. மனித அணுவுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே, அம்மருந்து பாக்டீரியாவை மட்டும் தாக்குகிறது. ஒரு விதியை உணர்ந்தால் மரம், இரத்தம், மருந்து என மூன்று வினாக்களுக்கு விடை எழுதலாம் என்பது தெளிவு.

படிக்கும் முறை

1. ஒவ்வொரு பாடத்தையும் படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, படம் வரைந்து உறுப்புகளின் பெயரைக் குறித்தல் வேண்டும். விடுபட்டதை மீண்டும் படிக்க வேண்டும்.

2. கருத்தை முதலில் தமிழில் விளங்கிக்கொள்வது நன்று. பின்னர் தேர்வுக்குரிய மலாய் அல்லது ஆங்கிலக் கலைச்சொற்களைக் கொண்டு எழுதிப் பழக வேண்டும்.

3. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பார்த்து, ஆசிரியரிடம் திருத்தம் பெறுதல் வேண்டும்.

4. இரவு முழுதும் கண்விழித்து ஒரே நாளில் படிப்பதைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பதே மனத்தில் நிற்கும்.

பெற்றோர் கடமை

உயிரியல் நமக்குத் தெரியாதே என்று பெற்றோர் ஒதுங்க வேண்டியதில்லை. 'பாலில் அமிலம் ஊற்றினால் ஏன் உறைகிறது? அமோனியா சேர்த்தால் ஏன் உறைவதில்லை?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். பாலிலுள்ள புரதத்தையும் மின்னூட்டத்தையும் பற்றி அவன் விளக்கட்டும். உங்களுக்குப் புரியும்வண்ணம் சொல்ல இயன்றால், பாடம் அவனுக்கும் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். நம் கை பல்லாண்டு பழகிய தொழிலிலேயே பாடம் இருக்கிறது. அதனைப் பிள்ளைகளின் கல்விக்கு உரமாக்குவோமாக.