ஒரே வீடு, நாலு வழி

நம்ம கோவைத் தொகுதியில் 1957, 1977 தேர்தல்களில் ஜெயிச்ச கம்யூனிஸ்ட் எம்.பி. பார்வதி கிருஷ்ணனோட அப்பா யார் தெரியுமா? திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன்.

1926 முதல் 1930 வரை அவர்தான் சென்னை மாகாண முதல்வர். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் மட்டுமே அமைச்சர்கள் கையில். போலீஸ், நிலவரி எல்லாம் ஆளுநர் பக்கம். அந்தக் குறைந்த அதிகாரத்திலும் வகுப்புவாரி அரசாணை அவர் ஆட்சியில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு காங்கிரசில் சேர்ந்தார்.

மனைவி ராதாபாய், லண்டன் வட்டமேஜை மாநாட்டில் பேசப் போனவர். மூத்த மகன் பி.பி. குமாரமங்கலம் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி. 1966-இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். தம்பி மோகனோ கம்யூனிஸ்ட். அண்ணன் ராணுவத்தில் இருந்த 1941-இல் சென்னைச் சதி வழக்கில் கைதானார். பிற்பாடு இந்திரா காந்தி அமைச்சரவையில் இடம்பெற்றார்.

ஜமீன் வசதியில் படிச்சாங்க, உண்மைதான். ஆனா ஜெயிலுக்குப் போனது சொந்த முடிவு. முதல் ஓட்டு போடப் போற நாமும், வீட்டில் சொல்றதைக் கேட்டுக்குவோம். முடிவை நாமே எடுப்போம்.