வெளியே பொறி உண்டு. உள்ளே ஏன் இல்லை?

காலால் உதைத்துக் கிளப்பும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் தெருவில் இன்னமும் இருக்கக்கூடும். மழைக்காலக் காலையில் அதன் சொந்தக்காரர் வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பார். சுற்றி நிற்போர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பெட்ரோல் வரவில்லை" என்பார் ஒருவர். "பிளக்கை மாற்றுங்கள்" என்பார் இன்னொருவர். வண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்பவரும் உண்டு. இவற்றில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்ரோல் எந்திரம் ஓட மூன்று வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலந்த கலவை வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும். அமுங்கிய தருணத்தில் தீப்பொறி விழ வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி கிளம்பாது. ஆகவே எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் வண்டி நின்றபோது மட்டும் எனக்கே மறந்துவிட்டது!

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு நாள். சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேறொரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த நான் போக வேண்டும். பத்து மணிக்குத் தேர்வு; முப்பது மாணவர்கள் ஆய்வகத்தில் காத்திருப்பார்கள். எட்டு மணிக்கு வண்டியை உதைத்தேன். கிளம்பவில்லை.

முதலில் பெட்ரோலைப் பார்த்தேன். தொட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. தொட்டி மூடியில் உள்ள சிறு துளை அடைத்துக்கொண்டாலும் பெட்ரோல் இறங்காது. உறிஞ்சு குழலில் நீரை எடுத்து மேல் முனையை விரலால் மூடினால் நீர் கீழே விழாது அல்லவா? அதே கதைதான். மூடியைத் திறந்து வைத்து உதைத்தும் பயனில்லை. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியானால் பெட்ரோல் சிலிண்டர் வரை வருகிறது. பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பையனை விட்டுக் கிக்கரை உதைக்கச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு சீறியது. அமுக்கமும் சரி.

மிஞ்சியது பொறி. சிலிண்டர் துளையிலிருந்து தள்ளி, பிளக்கின் உலோக உடலை எந்திரத்தின் மேல் படும்படி வைத்து உதைத்தேன். (பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி உண்டாக்குவது ஆபத்து. இதைப் பெரியவர் துணையின்றி நீங்கள் செய்யக் கூடாது.) பிளக் முனையில் மெல்லிய மஞ்சள் நிறப் பொறி தெரிந்தது. "பொறியும் இருக்கிறது!" என்று முடிவு கட்டினேன். இங்கேதான் தவறினேன்.

மூன்றும் இருந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால், கலவையின் அளவில்தான் கோளாறு என்று எண்ணி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. பேருந்தில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்ற நப்பாசை அவ்வளவு எளிதில் மனிதனை விடுவதில்லை!

ஒன்பதரைக்குத் தெருமுனைப் பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிளக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு மின்சாரம் கொண்டு வரும் கம்பியின் முனையை எந்திரத்தின் உலோகத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "உதைங்க சார்" என்றார். உதைத்தேன். பொறி தாவவில்லை. "வெளியே அடிக்கிற பொறி எல்லாம் உள்ளே அடிக்காது சார்" என்றார்.

அவர் சொன்னதில் உள்ள இயற்பியலைப் பாருங்கள். காற்று ஒரு மின்கடத்தாப் பொருள். அதில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனித்துத் திரியும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை வேகம் பெற்று மூலக்கூறுகள்மீது மோதும். மோதல் போதிய வலுவுடன் இருந்தால் மூலக்கூறிலிருந்து புதிய எலக்ட்ரான் கழன்று விழும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும்போதுதான் பொறி பிறக்கிறது. இப்போது காற்றை நெருக்கி அமுக்குங்கள். மூலக்கூறுகள் அடர்ந்து நிற்கும். எலக்ட்ரான் ஓடி வேகம் பிடிப்பதற்குள் எதன்மீதாவது முட்டிக்கொள்ளும். திறந்த திடலில் ஓடுபவனுக்கும் திருவிழாக் கூட்டத்தில் ஓடுபவனுக்கும் உள்ள வேறுபாடுதான். ஆகவே அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது.

1889-ல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் பாஷென் இதை ஆராய்ந்து, பொறி தாவத் தேவையான மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்று கண்டார். (வெப்பநிலை மாறும் இடத்தில் அழுத்தத்துக்குப் பதில் அடர்த்தியைக் கொள்வது சரி.) பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். திறந்த காற்றில் இதைத் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். ஆனால் சிலிண்டருக்குள் கலவை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதன் அடர்த்தி ஏழு மடங்கு. 0.6-ஐ 7-ஆல் பெருக்குங்கள்: 4.2. அதாவது உள்ளே 0.6 மில்லிமீட்டரைத் தாவுவது, வெளியே 4.2 மில்லிமீட்டரைத் தாவுவதற்குச் சமம்! மெக்கானிக் பிடித்த கால் அங்குலம் சுமார் 6 மில்லிமீட்டர். தேவைக்குச் சற்று மேலாகவே சோதித்துவிட்டார். பாஷெனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

அடுத்து அவர் சி.பி. பாயிண்ட் மூடியைத் திறந்தார். உதைக்கும்போதெல்லாம் பாயிண்டின் இரு முனைகளுக்கிடையே நீலப் பொறி கொழுந்துவிட்டது. "கண்டன்சர் போச்சு" என்றார்.

கண்டன்சர் என்பது நீங்கள் படிக்கும் மின்தேக்கியே. அதற்கும் பொறிக்கும் என்ன உறவு? என் வண்டியின் மின்கலம் 6 வோல்ட். காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. இரண்டாவதில் கம்பிச் சுருள்களின் எண்ணிக்கை முதலாவதைப் போல் 80 மடங்கு என்று கொள்வோம். 6-ஐ 80-ஆல் பெருக்கினால் 480 வோல்ட்தான். அது எம்மூலைக்கு? இரகசியம் பாயிண்ட் திறப்பதில் இருக்கிறது. வேகமாக நீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால் 'டொம்' என்று அதிரும். அதுபோல, முதல் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அச்சுற்றிலேயே 200, 300 வோல்ட் எழும். இது 1831-ல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின் விளைவு. 250-ஐ 80-ஆல் பெருக்குங்கள்: 20,000 வோல்ட்!

ஆனால் 'திடீரென்று' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பாயிண்ட் விலகத் தொடங்கும்போது இடைவெளி மயிரிழை அளவே. மின்னோட்டம் நிற்க மறுத்து அதன் வழியே பொறியாகத் தாவும். தாவினால் ஓட்டம் மெதுவாகவே தணியும். ஆற்றலும் பாயிண்டிலேயே வெப்பமாக வீணாகும். பாயிண்டுக்கு இணையாக ஒரு மின்தேக்கியை வைத்தால், அந்த ஒரு கணம் மின்னோட்டம் அதற்குள் பாய்கிறது. அதற்குள் பாயிண்ட் நன்கு விலகிவிடுகிறது. தேவைப்படும் மின்தேக்கி சுமார் 0.2 மைக்ரோஃபாரட்தான், கட்டைவிரலின் மேற்கணு அளவுகூட இராது.

முதல் சுற்றின் தூண்டல் எண் 5 மில்லிஹென்றி, மின்னோட்டம் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, அந்த ஆற்றல் முழுவதும் மின்தேக்கிக்குள் போனால் எத்தனை வோல்ட் எழும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 470 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். இழப்புகள் போக, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் போதும்.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. மின்னணு உறுப்புகளே அவ்வேலையைச் செய்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டரும் போய்விட்டது. அத்தகைய வண்டிகளில் கம்பியைத் தள்ளிப் பிடிக்கும் சோதனையைச் செய்யவே கூடாது. தாவ வழியற்ற உயர் மின்னழுத்தம் அந்த உறுப்புகளையே கெடுத்துவிடும். ஆயினும் அவற்றிலும் பொறி அமுங்கிய கலவைக்குள்தான் தாவியாக வேண்டும்.

புதிய மின்தேக்கி பொருத்தி உதைத்ததும் முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. தேர்வுக் கூடத்தை அடைந்தபோது மணி பத்தே முக்கால். மாணவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பழைய மின்தேக்கியை மட்டும் சட்டைப் பையில் போட்டு வந்திருந்தேன். மறுநாள் எங்கள் ஆய்வகத்தில் அதற்கு மின்னூட்டம் கொடுத்துக் கால்வனோமீட்டரில் இணைத்தோம். முள் அசையவில்லை. அறுத்துப் பார்த்தபோது, உள்ளே சுருட்டியிருந்த உலோகத் தாளிலிருந்து இணைப்புக் கம்பி விட்டுப்போயிருந்தது.