ஹெல்சிங்கி முதல் டோக்கியோ வரை

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தூரம் இவ்வளவு, ஆகாய விமானத்தின் வேகம் இவ்வளவு, ஆகவே பிரயாண காலம் இவ்வளவு என்று கணக்கிடுதல் பள்ளிச் சிறுவர்க்கும் எளிதாம். ஆயினும், ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கப் பிரயாண காலம் மட்டும் நீளுவதும் உண்டு. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவுக்கும் இடையே நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று.

முதற்கண் தூரத்தை அறிவோம். சுவரில் தொங்கும் தேசப்படம் இதற்கு உதவாது. பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். டோக்கியோ ஹெல்சிங்கிக்கு ஏறக்குறைய 24 பாகை தெற்கே உள்ளது. அங்ஙனமாயினும், நூல் முதலில் வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே கடந்து, சைபீரியாவின் மீது சென்று, அதன் பின்னரே தெற்கு நோக்கி இறங்கக் காண்பீர்கள். உருண்டையின் மேல் இதனினும் குறுகிய வழி இல்லை. இதன் நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பின்லாந்து விமானங்கள் இவ்வழியை ஒட்டியே பறந்து, ஒன்பதரை மணி நேர அளவில் டோக்கியோவை அடைந்தன. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 820 கிலோமீட்டர் ஆகும்.

அவ்வாண்டு பிப்ரவரியில் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷிய விமானங்களுக்குத் தங்கள் வானெல்லையை அடைத்தன. ரஷியாவும் அந்நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானெல்லையை அடைத்தது. நூல் காட்டிய வழியிற் பெரும்பகுதி ரஷியாவின் மீதே செல்வதால், அவ்வழி முற்றும் அற்றுப்போயிற்று.

இனி ரஷியாவைத் தொடாது செல்லும் வழியை அளப்போம். ஹெல்சிங்கி 60-ஆம் பாகையில் உள்ளது. வடதுருவத்துக்கு எஞ்சியவை 30 பாகைகள். பாகைக்கு 111 கிலோமீட்டராக இது 3,300 ஆயிற்று. துருவத்திலிருந்து அலாஸ்காவை ஒட்டிய பேரிங் ஜலசந்திக்கு ஏறத்தாழ 2,700. அங்கிருந்து பசிபிக் கடல் மேலாக டோக்கியோவுக்கு 4,700. ஆக மொத்தம் 10,700 கிலோமீட்டர். முன்சொன்ன வேகத்திலேயே வகுத்தால் பதின்மூன்று மணி வரும். விமானங்களும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே எடுத்துக்கொண்டன! காற்றின் போக்கை நோக்கி, மத்திய ஆசியாவும் சீனமும் வழியாகத் தெற்கே சுற்றுவதும் உண்டு.

ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குக் குறுக்கு வழி தன்னதே என்பதைக் கொண்டு வாணிகம் வளர்த்த ஹெல்சிங்கிக்கு இது சிறு நஷ்டமன்று. எரிபொருளும் விமானிகளின் வேலை நேரமும் மிகுந்தன.

இத்துருவ வழி புதியதுமன்று. சோவியத் வானெல்லை அடைபட்டிருந்த 1983-ஆம் ஆண்டில், பின்லாந்து விமானம் துருவத்தைக் கடந்து இடையில் இறங்காமல் டோக்கியோ சென்றது. அன்றும் பதின்மூன்று மணி அளவே ஆயிற்று. அவ்வெல்லையை மீறுதல் எத்தகையது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி, அலாஸ்காவிலிருந்து சியோலுக்குச் சென்ற கொரிய விமானம் ஒன்று வழி பிசகிச் சோவியத் எல்லைக்குட் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர்.

2022-இல் துருவத்தைக் கடந்த பிரயாணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றரை மணி நேரம் அதிகமாக ஆசனத்தில் அமர்ந்திருந்ததற்கு அது ஈடாகுமோ என்பதை அதனைப் பெற்றவர்களே சொல்லவேண்டும்.